முப்பது மறிக்கு ஒரு கிடாய் போதுமா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் செம்மறி வளர்ப்போர் கேட்டவை. பதில் சொல்பவர் கால்நடை மரபியல் படித்த நம் உறுப்பினர்.

வெல்லாவெளி: டொக்டர், 30 மறிக்கு ஒரே கிடாய். எல்லா மறியும் சினைப்படுது. இன்னொரு கிடாய் எதற்கு?

சினைப்படுவதில் குறை வராது அண்ணன். சிக்கல் அடுத்த தலைமுறையில். பிறக்கும் குட்டி எல்லாவற்றுக்கும் தகப்பன் ஒன்று. இதற்கு ஒரு கணக்கு உண்டு: கிடாய்த் தொகையையும் மறித் தொகையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 120ஐ 31ஆல் வகுக்க, 4கூட வராது. அதாவது மரபணுக் கணக்கில் உங்கள் 31 ஆடும் நாலு ஆட்டுக்குத்தான் சமம். மூன்று கிடாய் நின்றால் 11க்குக் கிட்ட வரும். ஒற்றைக் கிடாயை வைத்துக்கொண்டு 300 மறி சேர்த்தாலும் 4ஐத் தாண்டாது. ஓர் இனம் நிலைக்க இந்த எண் 50க்குக் குறையக்கூடாது என்கிறது ஐ.நா. உணவு விவசாய அமைப்பு. தனிப் பட்டியில் அது நடக்காது. அக்கம்பக்கத்துப் பட்டிகள் கிடாய் மாற்றிக்கொண்டால் நடக்கும்.

அவரே: தகப்பனே மகளோடு சேர்ந்தால் குட்டி ஊனமாகப் பிறக்குமா?

அப்படிப் பிறப்பது குறைவு. முதலில் தெரிவது வேறு. பிறப்பு நிறை குறையும், முதல் கிழமையிலேயே சாகும் குட்டிகள் கூடும், மறி பருவத்துக்கு வரப் பிந்தும். நாமோ மாரிப் புழு அடித்துவிட்டது என்று சொல்லிக் கணக்கை மூடிவிடுவோம். ஒன்றரை வருடத்துக்குள், மகள்மார் சினைக்கு வர முன், கிடாயை மாற்றிவிடுங்கள்.

ஏறாவூர்: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வியாபாரி வந்தால் பெரிய கிடாயைத்தான் கேட்கிறார். கொடுக்காமல் இருக்க முடியுமா?

கொடுங்கள் காக்கா, காசு வேண்டாமா! ஆனால் வளர்த்தியான, எடுப்பான கிடாய் ஏறுவதற்கு முன்னமே போய்விடுகிறது. யாரும் வாங்காத சவலைதான் பட்டியில் நின்று தகப்பனாகிறது. வருடா வருடம் இப்படி நடந்தால் பட்டி சிறுத்துக்கொண்டே போகும். பிறகு ‘நாட்டாடு வளராது’ என்று பழியை ஆட்டின் மேல் போடுவோம். தாய் வேறு வேறான நல்ல கிடாய்க்குட்டிகள் இரண்டை நாலு மாதத்திலேயே ஒதுக்கி, காதில் குறி போட்டுவிடுங்கள். ஒரு ஈடு ஏறவிட்டு அடுத்த பெருநாளுக்கு விற்றால் நிறையும் கூடியிருக்கும்.

வந்தாறுமூலை, மாணவி: இங்குள்ளவை எல்லாம் யாழ்ப்பாண நாட்டுச் செம்மறி என்றால், மரபணுப் பரிசோதனைக்கு ஊர் ஊராக ஏன் மாதிரி எடுக்க வேண்டும் சேர்?

பெயர் ஒன்று என்றால் உள்ளேயும் ஒன்றாகத்தான் இருக்கும் என்றில்லை, மகள். வாகரைக் கிடாயைப் பொத்துவிலுக்கு யார் கொண்டு போகிறார்கள்? கிடாய் போகாத இடத்துக்கு அதன் மரபணுவும் போகாது. சில தலைமுறையில் சில மரபணு வடிவங்கள் ஒரு பக்கம் கூடும், மறு பக்கம் அற்றே போகும். யாரும் தெரிவு செய்ய வேண்டியதில்லை, தற்செயலே போதும். இந்த வித்தியாசத்தை எஃப்.எஸ்.டி. என்ற எண்ணால் அளப்பார்கள்: 0 என்றால் வித்தியாசமே இல்லை, 1 என்றால் முற்றாகப் பிரிந்தவை. செம்மறியில் பெரும்பாலும் சிறிய எண்தான் வரும். 2012இல் வெளிவந்த, 74 இனங்களில் 2,819 ஆடுகளைப் பார்த்த ஆய்விலும் இனங்களுக்கிடையே பழைய கலப்பு நிறையவே தெரிந்தது. வேற்றுமையின் பெரும்பங்கு இனத்துக்கு உள்ளேதான் கிடக்கிறது.

அப்புறம் 1978 நவம்பர் 23ஐ மறக்காதீர்கள். சூறாவளிக்குப் பிறகு மிஞ்சிய நாலைந்தை வைத்துப் பெருக்கிய பட்டி என்றால், இன்று 200 நின்றாலும் உள்ளே அந்த நாலைந்தின் மரபணுதான். வெளியிலிருந்து வாங்கிக் கட்டிய பட்டி என்றால் கதை வேறு. ஆட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மாதிரி எடுக்கும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பொத்துவில்: செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்தால் குட்டி வருமா?

மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தம் (குரோமோசோம்) செம்மறிக்கு 54, வெள்ளாட்டுக்கு 60. சினை பிடித்தாலும் அநேகமாகக் கலைந்துவிடும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

அக்கரைப்பற்று: டோர்ப்பர் என்ற தென்னாபிரிக்க இறைச்சி இனக் கிடாய் விட்டால் குட்டி பெரிதாக வருகிறது. நாட்டாட்டை ஏன் கட்டி அழ வேண்டும்?

முதல் கலப்பு நன்றாகத்தான் வரும் தம்பி. ஆனால் கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் அந்த வீரியம் பாதியாகிவிடும். திரும்பக் கலக்க நாட்டு மறி வேண்டும், எல்லாவற்றையும் கலந்துவிட்டால் அதற்கு எங்கே போவீர்கள்? இன்னொன்று, சின்ன ஆடு என்று இளக்காரம் வேண்டாம். வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்ற குட்டைச் செம்மறி இருக்கிறது. இரட்டைக் குட்டி போட வைக்கும் மரபணு அதனிடம் உண்டு. அவுஸ்திரேலியாவின் பூரூலா மெரினோ ஆட்டின் பேர்போன மரபணுவும் அதுவேதான். அந்த மரபணு எது என்று 2001இல்தான் கண்டுபிடித்தார்கள். நம் ஆட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கலைத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாகரை: பரிசோதனைக்கு முடி கேட்கிறார்கள். கத்தரித்துக் கொடுக்கலாமா?

கூடாது. டி.என்.ஏ. வேரில்தான் நன்றாகக் கிடைக்கும், பிடுங்க வேண்டும். முப்பது நாற்பது இழை, நுனியில் வெள்ளை முடிச்சுத் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பொலித்தீனில் போட்டால் ஈரம் கட்டிப் பழுதாகும், கடித உறையே நல்லது. ஒரு உறைக்கு ஒரு ஆடு. தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், இரண்டுக்கும் பாதி மரபணு ஒன்றாகவே இருக்கும்.