புருஷன் ஹைதராபாத்ல, நானும் பையனும் திருநெல்வேலியில. கஸ்டடி கேஸ் எந்த ஊர் கோர்ட்ல நடக்கும், எப்படி முடிக்கிறது?

சகோதரி, நீங்க எழுதினதுல இருந்து நான் புரிஞ்சுகிட்டது இதுதான். கல்யாணமாகி ஹைதராபாத்ல குடும்பமா இருந்தீங்க, பிரச்சனை முத்திப்போய் போன வருஷம் ஏழு வயசுப் பையனோட அம்மா வீட்டுக்கு வந்துட்டீங்க, பையனை திருநெல்வேலியிலயே ஸ்கூல்ல சேர்த்தாச்சு, இப்ப அவர் ஹைதராபாத் ஃபேமிலி கோர்ட்ல டைவர்ஸ் கேட்டு அதுலயே கஸ்டடியும் கேட்டிருக்கார்.

நான் வக்கீல் இல்ல. எங்க அக்கா திருச்சி, அத்தான் பெங்களூர், ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க அக்கா பொண்ணு. தாய்மாமன்ங்கறதால ரெண்டு ஊர் கோர்ட்லயும் அக்கா கூட நின்னு, வக்கீல்களை எல்லாம் கேட்டுக்கேட்டு தெரிஞ்சுகிட்டதைத்தான் எழுதறேன்.

சட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எந்த ஊர் கோர்ட்ங்கற சண்டைக்கே மாசக்கணக்கா ஆகும், சில சமயம் வருஷமே ஆகிடும், அதுவரைக்கும் பையன் அப்பாவைப் பார்க்கறதும் பேசறதும் அந்தரத்துல நிக்கும். அடிதடி, குடி, குழந்தைக்கு ஆபத்து மாதிரி எதுவும் இல்லன்னா, கேஸ் எங்க நடக்கணும்ங்கறதுக்கு முன்னாடி பையன் தினமும் எத்தனை மணிக்கு அப்பாகிட்ட பேசுவான்ங்கறதை முடிவு பண்ணுங்க. இதை நான் மனசாரச் சொல்றேன், எங்க வீட்டுப் பொண்ணு ரொம்ப நாள் அப்பா குரலே கேக்காம இருந்து, போன் அடிச்சாலே எல்லார் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்க்கற நிலைமைக்கு வந்ததைப் பார்த்தவன் நான்.

சரி, சட்டம். 1890ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம்தான் இன்னைக்கும் நடைமுறையில இருக்கு. அதோட 9வது பிரிவுப்படி, குழந்தையோட கஸ்டடி, கார்டியன்ஷிப் கேஸை குழந்தை வழக்கமா எங்க வசிக்குதோ அந்த ஏரியா கோர்ட்லதான் போடணும். அப்பா எங்க வேலை பார்க்கறார், கல்யாணம் எங்க நடந்துச்சுங்கறது இதுல வராது. அதனால பையன் திருநெல்வேலியில நிலையா இருக்கான்ங்கறதைக் காட்டற பேப்பர் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, ஸ்கூல் அட்மிஷன், பழைய ஸ்கூல் டிசி, ஃபீஸ் ரசீது, தடுப்பூசி கார்டு, டாக்டர் சீட்டு, இந்த மாதிரி. லீவுக்கு வந்த குழந்தையைப் பிடிச்சு வச்சுகிட்டு ரெண்டு வாரத்துல இதுதான் அவன் ஊருன்னு சொன்னா கோர்ட் ஒத்துக்காது. எந்த ஊர்ல நிலையா இருக்காங்க, எந்த எண்ணத்தோட இருக்காங்கன்னு ஒவ்வொரு கேஸ்லயும் ஆதாரத்தை வச்சுத்தான் முடிவு பண்ணணும்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. உங்க பையன் ஒரு வருஷமா இங்க படிக்கறான், அது உங்களுக்குச் சாதகம்.

ஆனா சிக்கல் எங்க வருதுன்னா டைவர்ஸ் கேஸ்ல வருது. இந்து திருமணச் சட்டப்படி தம்பதி கடைசியா சேர்ந்து வாழ்ந்த ஊர்லயும் டைவர்ஸ் கேஸ் போடலாம், அதனால அவர் ஹைதராபாத்ல போட்டது செல்லும். அந்தச் சட்டத்தோட 26வது பிரிவு, டைவர்ஸ் கேஸ் நடக்கற கோர்ட்டே குழந்தை யார்கிட்ட இருக்கணும், யார் வந்து பார்க்கலாம்னு உத்தரவு போடலாம்னு சொல்லுது. நீங்க திருநெல்வேலியில தனியா ஒரு கேஸ் போட்டா ரெண்டு ஸ்டேட்ல ரெண்டு கோர்ட், ஒரே பையன். ரெண்டு பக்கமும் கார்டியன்ஷிப் கேஸா இருந்தா, இன்னொரு கோர்ட்ல கேஸ் நடக்கறது தெரிஞ்ச உடனே ரெண்டு கோர்ட்டுமே நிறுத்தி வைக்கணும்னு அந்த 1890ஆம் வருஷத்து கார்டியன்ஸ் சட்டத்துல 14வது பிரிவு இருக்கு. ரெண்டும் ஒரே ஹைகோர்ட்டுக்குக் கீழ இருந்தா ஹைகோர்ட் முடிவு பண்ணும், வேற வேற ஹைகோர்ட்னா அந்தந்த ஸ்டேட் கவர்மென்ட் உத்தரவுக்குக் காத்திருக்கணும்னு 1890ல எழுதினது அப்படியே கிடக்கு. நடைமுறையில யாரும் அந்த வழியில போறதில்ல.

எல்லாரும் போற வழி, சுப்ரீம் கோர்ட்ல ட்ரான்ஸ்ஃபர் பெட்டிஷன். சிவில் ப்ரொசீஜர் கோட் 25வது பிரிவு. ஒரே ஸ்டேட்டுக்குள்ளன்னா ஹைகோர்ட்டே மாத்திடும், ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு ஒரு கேஸை மாத்த டெல்லிக்குத்தான் போகணும். பொதுவா மனைவியோட சிரமத்தைத்தான் கோர்ட் முதல்ல பார்க்கும்: சின்னக் குழந்தை, தூரம், கூட வர ஆள் இல்ல, சம்பாத்தியம் இல்லங்கறது எல்லாம் எடுபடும், ஆனா கண்டிப்பா கிடைக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது, இப்ப வீடியோ கான்ஃபரன்ஸ்ல ஆஜராகலாமேன்னு எதிர்தரப்பு கேக்கும். நோட்டீஸ் போன பிறகு நிறைய கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே ரெண்டு பேரையும் மீடியேஷனுக்கு அனுப்புது. அங்க மனசு விட்டுப் பேசுங்க, கஸ்டடி, டைவர்ஸ், ஜீவனாம்சம் எல்லாம் ஒரே டேபிள்ல முடியற வாய்ப்பு வேற எங்கயும் அவ்வளவு சுலபமா வராது.

டெல்லின்னு சொன்னதும் காசுக்கு எங்க போறதுன்னு தோணும். 1987ஆம் வருஷத்து லீகல் சர்வீசஸ் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவசமா வக்கீல் தரணும், இதை நிறைய பேர் ஏழைங்களுக்கு மட்டும்னு நினைச்சுட்டு கேக்கறதே இல்ல. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் திருநெல்வேலியிலயும் இருக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குன்னு தனியா ஒரு லீகல் சர்வீசஸ் கமிட்டி இருக்கு, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

அஞ்சு வயசு வரைக்கும் குழந்தை அம்மாகிட்ட, அதுக்கப்புறம் தானா அப்பாகிட்ட போயிடும்னு சொந்தக்காரங்க உங்களை பயமுறுத்தறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அது தப்பு. 1956ஆம் வருஷத்து இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டத்துல அஞ்சு வயசுக்குள்ள சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னு இருக்கு, அஞ்சு முடிஞ்சா அப்பாகிட்ட ஒப்படைக்கணும்னு எங்கயும் இல்ல. அதே சட்டத்தோட 13வது பிரிவு குழந்தையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லுது. 1973லயே, மெட்ராஸ்ல இருந்து அப்பீல் போன ஒரு கேஸ்ல, குழந்தைங்க பெத்தவங்களோட உடைமையும் இல்ல, விளையாட்டுப் பொருளும் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் எழுதிடுச்சு. விவரம் தெரிஞ்ச வயசுன்னா குழந்தையோட விருப்பத்தையும் கேக்கலாம், ஏழு வயசுல ஜட்ஜ் தனி ரூம்ல கூப்பிட்டுப் பேசிப் பார்க்கறது உண்டு. தயவுசெஞ்சு அதுக்கு பையனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீங்க. சொல்லிக்கொடுத்த பேச்சு ஜட்ஜுக்குத் தெரிஞ்சிடும், அதைவிட முக்கியம், பெத்த அப்பாவைப் பத்தி பொய் சொல்லிட்டு வந்த பையன் அந்த பாரத்தோடதான் வளரணும்.

இப்ப உங்க பெரிய பயம், அவர் ஸ்கூல் வாசல்ல இருந்து தூக்கிட்டுப் போயிட்டா? போலீஸ்ல போனா பெரும்பாலும் இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கன்னுதான் சொல்வாங்க, ஏன்னா அப்பாவும் சட்டப்படி இயற்கைக் காப்பாளர். அப்போ மதுரை ஹைகோர்ட் கிளையில ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு போடலாம். அது எல்லா கஸ்டடி சண்டைக்குமான வழி இல்ல, குழந்தையை ஒருத்தர் வச்சிருக்கறது சட்டவிரோதம்னு காட்டினாத்தான் எடுபடும்னு 2019ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. அதனாலதான் சொல்றேன், இப்பவே கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தோட 12வது பிரிவுல ஒரு இடைக்கால உத்தரவு வாங்கிக்கோங்க. குழந்தை யார்கிட்டங்கறது ஒரு கோர்ட் உத்தரவுல இருந்துட்டா, அதுக்கப்புறம் தூக்கிட்டுப் போறது உத்தரவை மீறின விஷயம், உங்க கை வலுவா இருக்கும். இது உங்களுக்கும் பொருந்தும், அவர் கையில உத்தரவு இருக்கும்போது நீங்க பையனைக் கூட்டிட்டு வேற ஊர் மாறினா அதே கேள்வி உங்ககிட்டயும் வரும்.

அடி உதை இருந்திருந்தா விஷயமே வேற. குடும்ப வன்முறைச் சட்டத்துல நீங்க இப்ப தங்கியிருக்கற ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே மனு போடலாம், 21வது பிரிவுல தற்காலிக கஸ்டடியும் கேக்கலாம், ஆபத்துன்னா அப்பா பார்க்க வர்றதையே கோர்ட் மறுக்கலாம். ஆனா நடக்காததை நடந்ததா எழுதச் சொல்ற வக்கீல் கிடைச்சா அந்த ஆபீஸ் படியே மிதிக்காதீங்க.

பேசறதைப் பத்தி மேல சொன்னேன்ல, அதுக்கு ஒரு தீர்ப்பே இருக்கு. 2020 ஜனவரியில சுப்ரீம் கோர்ட், அப்பா அம்மா வேற வேற ஸ்டேட்ல, வேற வேற நாட்டுல இருந்தா நேர்ல பார்க்கற உரிமை மட்டும் போதாது, தொடர்புல இருக்கற உரிமையும் முக்கியம்னு சொல்லி, விசேஷக் காரணம் எதுவும் இல்லாதப்போ கஸ்டடி கிடைக்காதவர் தினமும் 5, 10 நிமிஷம் குழந்தைகிட்ட பேச விடணும், முடிஞ்சா வீடியோ கால்லன்னு எழுதியிருக்கு. இதை அவர் கேட்டு கோர்ட் உங்களுக்கு உத்தரவு போடறதுக்கு முன்னாடி நீங்களே எழுத்துல கொடுத்துடுங்க. யார் அடுத்தவரை ஒதுக்கப் பார்க்கறாங்க, யார் குழந்தைக்கு ரெண்டு பேரும் வேணும்னு நினைக்கறாங்கங்கறதை கோர்ட் கவனிக்கும்.

கடைசியில எங்க கேஸை முடிச்சது மீடியேஷன்ல எழுதின ஒப்பந்தம்தான். அதுல நுணுக்கமா எழுத எழுத சண்டை குறையுது. "பரஸ்பர வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்"னு ஒரு வரி எழுதினா அடுத்த மாசமே மறுபடி கோர்ட்தான், பிரிஞ்ச ரெண்டு பேருக்கு பரஸ்பர வசதின்னு ஒண்ணு எங்க இருக்கும்? நாங்க எழுதினது இப்படி: வீடியோ கால் ராத்திரி ஏழரைக்கு, ஹோம்வொர்க் முடிச்ச பிறகு, பாட்டி பக்கத்துல உக்காந்து எடுத்துக்கொடுக்கறது வேண்டாம். மாசத்துல ஒரு வாரக்கடைசி அத்தான் திருச்சி வருவார், மயிலாடுதுறை வண்டியில ராத்திரி ஏறினா காலையில இங்க. காலாண்டு லீவு அப்பாவுக்கு, பொங்கல் அம்மாவுக்கு, கோடை லீவுல பாதிப்பாதி, தீபாவளி வருஷம் மாத்தி வருஷம். லீவுக்குக் கூட்டிட்டுப் போகும்போது கைமாத்தறது சேலத்துல, ஏன்னா பெங்களூர்ல இருந்து சுமார் 200 கிலோமீட்டர், திருச்சியில இருந்து 140 சொச்சம், யார் வீட்டு வாசல்லயும் நிக்க வேண்டாம், ரெண்டு குடும்பத்துப் பெருசுங்களும் வர வேண்டாம். டிக்கெட் செலவு யாரோடது, ஆஸ்துமா மருந்து யார் பையில, ஸ்கூல் வாட்ஸ்ஆப் குரூப்ல ரெண்டு பேரும் இருக்கணும், பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு பேர் சம்மதம், யாராவது ஊர் மாறினா முன்கூட்டியே எழுத்துல சொல்லணும்.

உங்களுக்கு ஹைதராபாத் இன்னும் தூரம், மாசாமாசம் நடக்காது. அதுக்கு பதிலா லீவு நாட்களை நீளமா கொடுங்க. உங்க ஸ்கூல் லீவும் தெலங்கானா லீவும் ஒத்துப்போகாது, அங்க தசராவுக்குப் பெரிய லீவு, அதனால பையனோட ஸ்கூல் காலண்டர்படிதான் கணக்குன்னு எழுதிடுங்க. ஜீவனாம்சத்தை இதோட கலக்காதீங்க, பணம் வரலன்னா அதுக்குத் தனி மனு, பையனை நிறுத்தி வைக்கறது பதில் இல்ல. இந்த ஒப்பந்தத்தை கோர்ட்ல தாக்கல் பண்ணி உத்தரவாக்கிடணும், அப்பத்தான் எந்த ஸ்டேட்லயும் அதை வச்சுக் கேக்க முடியும். குழந்தை வளர வளர தேவை மாறினா கஸ்டடி உத்தரவை மாத்தக் கேக்கலாம், நிரந்தரமா கைவிட்டுப் போச்சேன்னு பயப்பட வேண்டாம்.

அவசரமான ஒண்ணு. ட்ரான்ஸ்ஃபர் பெட்டிஷன் போட்டுட்டாலே ஹைதராபாத் கேஸ் நின்னுடாது, சுப்ரீம் கோர்ட் ஸ்டே கொடுத்தாத்தான் நிக்கும். அதுவரைக்கும் அங்க ஒரு வக்கீல் வக்காலத்து போட்டு வாய்தாவுக்கு ஆஜராகணும், இல்லன்னா எக்ஸ்பார்ட்டி ஆகிடும், அதாவது நீங்க இல்லாமலே கேஸை நடத்தி முடிச்சிடுவாங்க. சம்மன்ல இருக்கற கேஸ் நம்பரை ஈகோர்ட்ஸ் ஆப்ல போட்டு அடுத்த வாய்தா தேதியை இன்னைக்கே பார்த்துடுங்க.