ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனாலும் இதயம் பலவீனம் என்கிறார்களே, எப்படி?

களியக்காவிளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஆஞ்சியோ செய்ததில் அடைப்பே இல்லை, ஆனால் எக்கோவில் (இதய ஸ்கேனில்) ‘கார்டியோமயோபதி’ என்று வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கும் வருமா என்று.

அடைப்பு, ரத்தக் குழாயின் கோளாறு. கார்டியோமயோபதி, இதயத் தசையின் கோளாறு. குழாய் சுத்தமாக இருந்தாலும் தசை கெடலாம்.

எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப்.’ என்ற வரியைப் பாருங்கள். இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு அது. 55க்கு மேல் என்றால் பொதுவாக நல்லது. 40க்குக் கீழே இறங்கி அறையும் பெரிதாகியிருந்தால், அது கார்டியோமயோபதியில் விரிந்த வகை. குடி, வைரஸ் தொற்று, பிரசவம், மரபணு எனக் காரணங்கள் பல. குடிதான் காரணமென்றால் அடியோடு நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் தசை தேறுவதுண்டு.

சுவர் தடிக்கும் வகையில் இ.எஃப். நன்றாகவே இருக்கும், அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. பெரும்பாலும் குடும்பத்தில் இறங்குவது இதுதான். பெற்றோரில் ஒருவருக்கு இதை உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு.

தசை விறைத்துப்போகும் வகை அரிது. கேரளத்தில் ஒருகாலத்தில் இந்த வகையைச் சேர்ந்த, இதயத்தின் உட்புறம் தழும்பேறும் நோய் பலரை வாட்டியது. இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

சரி, நீங்களும் உடன்பிறந்தவர்களும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துவிடுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்பா ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.