‘காஷ்’, ‘ஹெக்’, ‘டார்ன்’: ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பொருள் உண்டா?

வியப்பிலோ எரிச்சலிலோ வாயில் வரும் இந்தச் சொற்களுக்குத் தனிப்பொருள் கிடையாது, எல்லாம் முகமூடி போட்ட சொற்கள். கடவுள் பெயரை வீணாகச் சொல்லாதே என்கிறது பைபிளின் பத்துக் கட்டளை. ஆனால் காலில் கல் இடித்தால் வாய் சும்மா இருக்குமா? ‘காட்’ என்று தொடங்கி ‘காஷ்’ என்று மழுப்பிவிட்டார்கள். அப்படியே ‘ஹெல்’ (நரகம்) ‘ஹெக்’ ஆனது, ‘டாம்’ (நாசமாய்ப் போக என்ற சாபம்) ‘டார்ன்’ ஆனது, ஜீசஸ் ‘ஜீ’ என்று சுருங்கினார்.

எனக்குப் பிடித்தது ‘ஸவுண்ட்ஸ்’ (zounds). ‘காட்ஸ் வூண்ட்ஸ்’, அதாவது கடவுளின் காயங்கள்மீது ஆணை. அதில் கடவுளை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்ட சொல் இது. 1606-இல் இங்கிலாந்தில், நாடக மேடையில் கடவுள் பெயரை அவமதிப்பாக உச்சரித்தால் 10 பவுண்டு அபராதம் என்று சட்டமே வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள்: கடவுள் வரவேண்டிய இடத்தில், ஓசை ஒத்துப்போகும் ‘நீலம்’ என்ற சொல்லைப் போட்டுத் தப்பித்தார்கள்.