நாடா கோத்த பாவாடை (கடிதம்)

அன்புள்ள அக்கா,

நான் வேளச்சேரியில் இருக்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது. ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் இருவரும் ஜியோகேஷிங் போகிறோம். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டிருப்பார். போனில் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். பெட்டியில் சின்னச் சின்னப் பொருட்களும் இருக்கும். பிடித்ததை எடுத்துக்கொண்டு, அதே மதிப்புள்ள ஒன்றையோ அதைவிட நல்லதையோ வைத்துவிட்டு வர வேண்டும்.

சென்ற மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பெட்டி கிடைத்தது (இடத்தைச் சொல்லக் கூடாது). வளையம் அறுந்த சாவிக்கொத்து, ஒரு கால் இல்லாத பிளாஸ்டிக் பொம்மை, மனை விற்கும் ஒருவரின் விசிட்டிங் கார்டு, உருகி எறும்பு மொய்த்த சாக்லேட். இவ்வளவுதான். மகன் எதையும் எடுக்கவில்லை. ஆனால் தன் மரப் பம்பரத்தைச் சாட்டையைச் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தான். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். மற்றதெல்லாம் அப்படியே கிடந்தன, பம்பரத்தை மட்டும் காணோம். அதற்குப் பதில் இருந்தது மை தீர்ந்த ஒரு பால்பாயிண்ட் பேனா. திரும்பி வரும்போது வண்டியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளிநாட்டில் இப்படி நடக்காது என்று நினைக்கிறேன். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் நம் மக்களுக்கு ஒத்துவராதா? இனிமேல் நல்ல பொருள் எதையும் வைக்காதே என்று அவனிடம் சொல்லிவிடலாமா? குறைந்தது ஐம்பது ரூபாய்ப் பொருள்தான் வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் சரியாகுமா?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் கணவர், “ஜியோ கேஷா? எவ்வளவுக்கு ரீசார்ஜ் பண்ணினா எவ்வளவு திரும்பி வரும்?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். “பேனாதான் திரும்பி வருமா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு விஷயம் சரியாகப் புரிந்துவிட்டது.

முதலில் அந்த ‘நம் மக்கள்’ பேச்சை விடுங்கள். எதற்கெடுத்தாலும் இதைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இந்த விளையாட்டு பிறந்த ஊரிலேயே இதே புலம்பல்தான். பழைய கோல்ஃப் பந்து, பர்கர் கடையில் இலவசமாகக் கொடுக்கும் பொம்மை, நனைந்து கூழான காகிதம் என்று அவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. ‘மாற்றினால் மேலானதாக மாற்று, அல்லது சமமாக மாற்று, இல்லையேல் மாற்றாதே’ என்று ஒரு வாசகத்தையே வழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒழுங்காக இருந்தால் அந்த வாசகத்துக்கு என்ன வேலை? நம் தெருச் சுவரில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியிருந்தால், அங்கே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

இந்த விளையாட்டு பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று எடுத்துவிட்டார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டுக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியைப் புதைத்து வைத்தார். புத்தகம், வீடியோ, மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். கொஞ்சம் எடுத்துக்கொள், கொஞ்சம் வைத்துவிட்டுப் போ என்பதுதான் அவர் சொன்ன விதி. இன்றைக்குப் பெட்டியில் தின்பண்டம் வைக்கவே கூடாது, வாசனைக்கு மிருகங்கள் வந்து பெட்டியைக் குதறிவிடும். (சென்னை வெயிலில் சாக்லேட் வைத்தவருக்கு மிருகம்கூடத் தேவைப்படவில்லை, எறும்பே போதுமாக இருந்திருக்கிறது.) ஆனால் அந்த முதல் வாளியின் பீன்ஸ் டப்பா இன்னும் இருக்கிறது. விழாக்களுக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டுகிறார்கள்.

விசிட்டிங் கார்டுக்காக ரொம்பக் கோபப்படாதீர்கள். இதற்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படுவதே 1854ல் இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் ஒரு வழிகாட்டி வைத்த போத்தல்தான். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் அதில் போட்டுவிட்டுப் போனது விசிட்டிங் கார்டு. அந்தக் கார்டு ‘நான் இங்கே வந்தேன்’ என்றது, உங்கள் கார்டு ‘கூடுவாஞ்சேரியில் மனை இருக்கிறது’ என்கிறது. இந்த வித்தியாசம் எனக்கும் தெரிகிறது.

அப்புறம், அட்சரேகை தீர்க்கரேகை சென்னைக்காரனுக்கு அந்நியமா என்ன? இந்த நாட்டை அளக்க வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802ல் நில அளவைக்கான அடிப்படைக் கோட்டைப் போட்டதே பரங்கிமலையிலிருந்துதான். வேளச்சேரியிலிருந்து எவ்வளவு தூரம்? பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போங்கள்.

ஐம்பது ரூபாய் விதி வேண்டாம். ‘எதை எடுத்தாலும் ஐம்பது’ கடையில் பெட்டி பெட்டியாகக் குப்பை கிடைக்கும். நவராத்திரியில் கொலுவுக்குப் போன பெண்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். வெற்றிலைப் பாக்கோடு ஒரு பிளவுஸ் பிட் வைத்துக் கொடுப்பது வழக்கம். எண்பது சென்டிமீட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும், அளந்து பார்த்தால் எழுபதுகூடத் தேறாது. யாருக்கும் தைக்க முடியாது, அதனால் யாரும் தைப்பதில்லை. மயிலாப்பூரில் கிளம்பி மாம்பலம் போய், நங்கநல்லூரில் ஒரு வருஷம் பீரோவில் தூங்கி, மறுபடி மயிலாப்பூருக்கே வந்து சேரும். உங்கள் விளையாட்டில் டிராவல் பக் என்று எண் பொறித்த தகடு மாட்டிய பொருட்களை ஊர் ஊராக அனுப்புகிறார்களே, அதுவேதான். நம் பிட்டுக்குத் தகடு ஒன்றுதான் பாக்கி. என் அம்மா மட்டும் கடைசி வரை டூ பை டூ துணியில் முழு ஒரு மீட்டர் வெட்டி வாங்கித்தான் கொடுத்தாள். “எனக்கே பத்தாதது அடுத்தவளுக்கு எப்படிடீ பத்தும்?” என்பாள்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருகிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வேளச்சேரி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே என் மனம் 2015 டிசம்பருக்குப் போய்விட்டது. இந்த விஷயத்தைக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கியது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாலைந்து நாள் கழித்து, ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் துணி பிரிக்கும் வேலைக்குப் போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடையில் ஆள் உயரத்துக்குத் துணி. ஊரெங்கிலுமிருந்து வந்தது. முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று.

பிரிக்க ஆரம்பித்த பிறகு வேறு மாதிரி வந்தது. முந்தானை கிழிந்த சேலை. ஒற்றைச் செருப்பு. குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டை, சென்னையில். யாருடைய ரிசப்ஷனுக்கோ தைத்த கோட்டு. உள்ளாடைகள், போட்டுப் போட்டு நைந்தவை. அதைப் பற்றி மேலே எழுதக் கூசுகிறது. ஒரு பையைத் திறந்த காலேஜ் பெண் ஒருத்தி, உள்ளேயிருந்து ஒரு நைட்டியை விரல் நுனியால் தூக்கிப் பிடித்து, “இதைக் குடுக்கறதுக்கு ஒருத்தங்களுக்கு எப்படி மனசு வந்தது பாருங்க!” என்றாள். அக்குளில் கிழிசல், முன்பக்கம் மஞ்சள் கறை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என் நைட்டி. அன்று காலையில் பீரோவின் கீழ்த்தட்டை ஒழித்து நான்தான் அந்தப் பையைக் கட்டி எடுத்துப்போயிருந்தேன். கொடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

நான் கஞ்சம் இல்லை, தம்பி. அந்தக் கீழ்த்தட்டு காலியாக வேண்டும், அவ்வளவுதான். நல்ல துணியைக் குப்பையில் போட மனசு வராது. ‘நல்ல’ என்பது நான் வைத்த பெயர். கண்ணாடி உடைந்த சாமி படத்தை வீட்டில் வைக்கவும் முடியாமல் குப்பையில் போடவும் முடியாமல் அரசமரத்தடியில் விட்டுவிட்டு வருகிறோமே, அதேதான். மண்டபம் எனக்கு அரசமரம். நான் செய்தது கழித்துக் கட்டியது. அதைக் கொடுத்தது என்று எண்ணிக்கொண்டேன். இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் நீளும், அதனால்தான் குழப்பம்.

அன்று மதியம் ஒரு அம்மாள் வந்தார். ஆற்றோரத்துக் குடிசை, ஒன்றுமே மிஞ்சவில்லை. ஒரு சேலையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம், “அக்கா, இதுக்கு உள்பாவாடை இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார். தேடினேன். அந்த மலையில் ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கணக்கில் சேலை, ஒரு பாவாடை இல்லை. பாவாடை இல்லாமல் சேலையை எதில் செருகுவது? சேலை கொடுத்தவர்களில் பாதிப்பேராவது பெண்களாகத்தானே இருந்திருப்பார்கள்? ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சாயங்காலம் வந்த ஒரு மூட்டையில்தான் கிடைத்தது. சாதாரண பூனம் சேலை, புதிது இல்லை, ஆனால் துவைத்துத் தேய்த்து மடித்தது. அதன் நடுவே ஒரு பாவாடை, நாடா கோத்து, நுனியில் முடிச்சுப் போட்டு. பக்கத்தில் பிரித்து விட்டுக்கொள்ளும்படி உள்ளே துணி விட்டுத் தைத்த ஒரு ரவிக்கை. அதன் கையில் நாலு ஊக்கு குத்தியிருந்தது. ஒரு சீப்பு, ஒரு சோப்பு, செய்தித்தாளில் சுற்றிய நாப்கின் பாக்கெட். பெயர் எதுவும் இல்லை. யார் கொண்டுவந்து போட்டது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

நாடா கோப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. நுனியில் ஊக்கைக் குத்தி இடுப்புப் பட்டிக்குள் விட்டு, துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பாதியில் ஊக்கு கழன்றுகொண்டால் எல்லாவற்றையும் வெளியே இழுத்து மறுபடி முதலிலிருந்து. வெள்ளத்தில் எல்லாம் போனவள் நாடாவுக்கும் ஊக்குக்கும் எங்கே போவாள் என்று அந்த மனுஷி யோசித்திருக்கிறாள். வாங்கிக்கொள்கிறவள் அதைக் கட்டிக்கொள்ளும் நேரம் வரைக்கும் மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மொத்த மூட்டையையும் விலை போட்டால் உங்கள் விதிப்படி எவ்வளவு தேறும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருளின் தரம் தரம் என்கிறீர்களே, எனக்குத் தெரிந்த தரம் அந்த நாடாதான். அட்டைப் படத்துக்காகப் பாதுகாத்த தீப்பெட்டி, கரையில் பொறுக்கிக் கழுவிய சோழி, உள்ளே பேட்டரி போட்ட ஒரு சின்ன டார்ச், எது வேண்டுமானாலும் வைக்கலாம். எடுக்கிறவன் அதை வைத்து என்ன செய்வான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். சென்னையில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ஒரு மழைக்காலம் போதும், மூடி இறுகாத டப்பா மீன்தொட்டி ஆகிவிடும். கவரில் போட்டு வைத்த உங்கள் பையனுக்கு அது தெரிந்திருக்கிறது.

பேனாக்காரரை நான் திட்டப் போவதில்லை. அவர் சட்டைப் பையைக் காலி செய்தார், நான் பீரோவைக் காலி செய்தேன். உங்களைத்தான் திட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து எதற்கு அங்கே போனீர்கள்? பையன் கேட்டானா, நீங்களாகக் கூட்டிப் போனீர்களா? பம்பரம் போனது என்று புகார் சொல்கிறீர்கள். போகத்தானே வைத்தது? கால் இல்லாத பொம்மை அங்கேயே கிடக்க, பம்பரம் மட்டும் போயிருக்கிறதென்றால் யாருக்கோ அது பிடித்துப்போயிருக்கிறது. எங்கோ ஒரு மொட்டை மாடியில் ஒரு பிள்ளை அபீட் எடுத்துக்கொண்டிருக்கலாம். இதையாவது வண்டியில் வரும்போது அவனிடம் சொன்னீர்களா, இல்லை பேனாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தீர்களா?

கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். பம்பரத்தைச் சாட்டையைச் சுற்றி வைத்தான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எடுத்த கையோடு விடலாம் என்கிற மாதிரி சுற்றியே வைத்திருக்கிறான். நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா? அவனிடம் எதையும் வைக்காதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பம்பரத்தை எங்கே வாங்கினீர்கள்? இப்போது கடைகளில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக், சுற்றினால் விளக்கு வேறு எரிகிறது. ஆணி நேராக இறங்கிய மரப் பம்பரம் எனக்கு இரண்டு வேண்டும். கடை எந்தத் தெரு என்று எழுதுங்கள். சாட்டை நானே திரித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா