விற்கும்போது சொன்னது 21, ஊருக்குள் கிடைப்பது 11: என் காரின் மைலேஜ் ஏன் இவ்வளவு குறைகிறது?

உங்களுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். வாங்கும்போது லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்றார்கள். இப்போது 11 தான் கிடைக்கிறது. சர்வீஸ் செய்தும் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் ஏறக்குறைய இதே கணக்கோடு ஓராண்டுக்கு மேல் அலைந்தவன் என்பதால், என் காரில் நான் கண்டதை வைத்தே சொல்கிறேன். அந்த 10 கிலோமீட்டர் இடைவெளியில் பெரும்பகுதி பழுதினால் வருவது அல்ல. ஆனால் அந்தப் பெரும்பகுதியைக் காட்டி, "டிராஃபிக்ல ஓட்டுனா அப்படித்தான் சார் இருக்கும்" என்று ஒர்க்ஷாப்பில் அனுப்பிவிடுவதால், அதன் பின்னால் மறைந்திருக்கும் உண்மையான பழுது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

முதலில் அந்த 21 என்ற எண். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனங்கள், காரை உருளைகளின் மேல் நிறுத்தி, முன்கூட்டியே வகுத்த வேகங்களில் ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஓட்டிப் பெறும் எண் அது. ஏசி அணைந்திருக்கும், வேகம் 90ஐத் தாண்டாது, குழியும் மேடும் குறுக்கே வரும் ஆட்டோவும் அங்கே கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அது நல்ல அளவுகோல்தான். உங்கள் தெருவில் கிடைக்கப்போகும் மைலேஜை முன்கூட்டிச் சொல்லும் கருவியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து உங்கள் 11. அது டேஷ்போர்டு காட்டும் எண்ணா, பங்க்கில் நிரப்பிக் கணக்கிட்டதா என்று நீங்கள் சொல்லவில்லை. என் கார் தன் திரையில் 12.8 என்று காட்டிய மாதத்தில், டேங்க்கை நிரப்பிக் கணக்கிட்டபோது 11.6 தான் வந்தது. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், நாசில் தானாக நின்றவுடன் நிறுத்திக்கொண்டு, "ரவுண்டா போட்டுடலாமா சார்" என்ற கேள்விக்கு இடம் கொடுக்காமல், தொடர்ந்து மூன்று முறை நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு முறை மட்டும் நிரப்பினால், 20 லிட்டரில் 2 லிட்டர் கூடக் குறைய ஏறுவதே 10 சதவீதப் பிழையாகிவிடும்.

நெரிசல் எவ்வளவு தின்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை; கணக்கிட்டே பார்க்கலாம். வடவள்ளியிலிருந்து காந்திபுரம் பக்கம் உள்ள என் அலுவலகத்துக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர். காலையில் 35 நிமிடம் ஆகிறது. அதில் 12 நிமிடம் லாலி ரோட்டிலும் அதற்கு அப்பாலும் சும்மா நிற்பதிலேயே போகிறது. நகரும்போது லிட்டருக்கு 16 கொடுத்தால், 9 கிலோமீட்டருக்கு 0.56 லிட்டர் ஆகும். இப்படிப்பட்ட இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது, ஏசியின் தேவையைப் பொறுத்து, மணிக்கு முக்கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 12 நிமிடத்துக்கு 0.15 லிட்டர். ஆக மொத்தம் 0.71 லிட்டர், அதாவது 16 என்பது 12.7 ஆக இறங்கிவிடுகிறது. உங்கள் வழியில் எத்தனை நிமிடம் நிற்கிறீர்கள் என்பதை ஒரு வாரம் குறித்துவைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்கில் வரும் எண்ணுக்கும் பங்க்கில் வரும் எண்ணுக்கும் இடையே மீதமிருப்பதுதான் நாம் தேட வேண்டிய பழுது.

என் காரில் அந்த மீதிக்கு முக்கியக் காரணம் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும் வரை, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, 80 டிகிரிக்கு மேல் போன பிறகே வழிவிட வேண்டிய சிறிய வால்வு அது. அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் கார் சூடேறி நிற்காது, புகை வராது, சத்தம் போடாது. இன்ஜின் தன் வேலை வெப்பத்தை எட்டாமல் இருக்கும், அவ்வளவுதான். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, அதைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருக்கும். ஆயிலும் தடிமனாகவே இருக்கும். என் காரில் வெப்பம் காட்டும் முள் கிடையாது, இன்ஜின் குளிர்ந்திருக்கும் வரை எரியும் நீல விளக்கு மட்டுமே உண்டு. முன்பெல்லாம் கிளம்பி இரண்டு மூன்று நிமிடத்தில் அணைந்துகொண்டிருந்த அது, ஏழெட்டு நிமிடம் எரிவதைப் பார்த்தும் நான் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் ஈசியூவில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி, சேலம் போகும் நெடுஞ்சாலையில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னபோது, கூலன்ட் வெப்பம் 70ஐச் சுற்றியே நின்றது. சும்மா நிறுத்தி ஓடவிட்டால் மெதுவாக ஏறிவிடும் என்பதால், ஒர்க்ஷாப்பில் நின்றபடியே செய்த சோதனைகளில் இது பிடிபடவில்லை. புதிய தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இரண்டாவது, பின்சக்கரம் ஒன்றில் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. சமதரையில் நியூட்ரலில் விட்டுக் கையால் தள்ளிப் பார்த்தால் கார் எளிதாக உருள வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் ஜாக்கி வைத்துச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருந்ததே என் காரில் காரணம். டயர் காற்றைப் பற்றி எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, வண்டி ஓடிச் சூடாகும் முன்பே பார்த்து நிரப்ப வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மைலேஜுக்காக ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது சரி. இன்றைய காரில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப ஈசியூவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாக மாறாது. டேங்க்கில் ஊற்றச் சொல்லும் மருந்துகளுக்கு நான் இரண்டு முறை பணம் கொடுத்தேன். கணக்கில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதும் வீண்தான்: கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும்; நியூட்ரலிலோ இன்ஜினை ஓடவைக்கப் பெட்ரோல் செலவாகும். மலைப்பாதையில் அது ஆபத்து என்பது வேறு.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023இல் சில பங்க்குகளில் தொடங்கி இப்போது எங்கும் வந்துவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. என் 2015 மாடலுக்கு இந்த இழப்பில் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு என் கணக்கு 11.6லிருந்து 13.4க்கு வந்தது. கேட்பவர்கள் இவ்வளவுதானா என்கிறார்கள். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு அது ஏறக்குறைய 7 லிட்டர். உங்கள் காரில் வெப்பமுள் இருந்தால், நாளைக் காலை கிளம்பியதிலிருந்து அது நடுவுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு நெடுஞ்சாலையில் ஏறியதும் அது மீண்டும் இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால், வேறு எதையும் மாற்றும் முன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.