டீடூப் பெட்டி வாங்கிய பிறகும் ஆரக்கிள் பேக்கப் ஏன் மெதுவாகவே ஓடுகிறது?

கேள்வி: 12 டெராபைட் ஆரக்கிள் டேட்டாபேஸ், ஏஎஸ்எம் (ஆரக்கிளின் வட்டு மேலாண்மை அடுக்கு) மேல் இருக்கிறது. டேட்டா டொமைன் பெட்டியை (டீடூப் செய்யும், அதாவது திரும்ப வரும் டேட்டாவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் பேக்கப் சாதனம்) என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) மவுண்ட்டாக 10 கிகாபிட் நெட்வொர்க்கில் இணைத்திருக்கிறோம். ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் 4 சேனல் (இணையாக ஓடும் பேக்கப் ப்ராசஸ்), கம்ப்ரஷன் ஆன். ஃபுல் பேக்கப் 11 மணி நேரம் ஓடுகிறது, டீடூப் விகிதம் ஒன்றரை மடங்கைத் தாண்டவில்லை. 6 மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியுமா?

பதில்:

முடியும். பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்காமலே முடியும். ஆர்மேன் அனுப்பும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் உங்கள் எண்களைப் பார்ப்போம். 12 டெராபைட் 11 மணி நேரத்தில் போகிறது என்றால் விநாடிக்கு சுமார் 300 எம்பி. 10 கிகாபிட் இணைப்பு நடைமுறையில் விநாடிக்கு 1.1 ஜிபி வரை தாங்கும். கம்ப்ரஸ் ஆகிப் போவதால் கம்பியில் ஓடுவது 300-ஐவிடவும் குறைவு. ஆகவே நெட்வொர்க் நெரிசல் இல்லை. 300 எம்பியை 4 சேனலுக்குப் பிரித்தால் சேனலுக்கு 75 எம்பி. ஆர்மேனின் பேசிக் கம்ப்ரஷன் சிபியூவில் முட்டிக்கொண்டு நிற்கும்போது இப்படிப்பட்ட எண்தான் வரும். பேக்கப் ஓடும்போது டாப் கமாண்ட் போட்டுப் பாருங்கள். நான்கு சேனல் ப்ராசஸும் ஆளுக்கொரு கோரை 100 சதவீதம் பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கம்ப்ரஷனை அணைக்கச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெட்டி வருகிற ஓட்டத்தை சராசரி 8 கேபி அளவுள்ள துண்டுகளாக வெட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை கணக்கிட்டு, அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும். இருந்தால் சுட்டியை மட்டும் எழுதும், இல்லாவிட்டால் தானே கம்ப்ரஸ் செய்து வட்டில் வைக்கும். ஒரு டேட்டாபேஸ் பிளாக்கில் ஒரே ஒரு ரோ மாறினாலும் அந்த பிளாக்கின் தலைப்பில் எஸ்சிஎன் (மாற்ற வரிசை எண்) மாறும், செக்சம் (சரிபார்ப்பு எண்) மாறும். கம்ப்ரஸ் செய்யாத ஓட்டத்தில் அது ஒன்றிரண்டு துண்டுகளைத்தான் புதிதாக்கும். கம்ப்ரஸ் செய்த ஓட்டத்தில் அந்தச் சின்ன மாற்றத்துக்குப் பின்னால் வரும் பைட்டுகளும் வேறாகிவிடும். நேற்று வந்த டேட்டாவேதான் இன்றும் வருகிறது, ஆனால் பெட்டிக்கு அது அடையாளம் தெரிவதில்லை. உங்கள் விகிதம் ஒன்றரையில் நிற்பது இதனால்தான்.

என்கிரிப்ஷனில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆர்மேன் பேக்கப் என்கிரிப்ஷன் ஒவ்வொரு பேக்கப்புக்கும் புதுச் சாவி உருவாக்குகிறது, அதனால் டீடூப் அறவே கிடைக்காது. டேபிள்ஸ்பேஸ் (டேட்டாஃபைல்களின் தொகுப்பு) அளவிலான டிடிஇ, அதாவது டேட்டாவை வட்டிலேயே என்கிரிப்ட் செய்து வைக்கும் வசதி, அப்படி இல்லை. மாறாத பிளாக் வட்டில் அதே என்கிரிப்ட் ஆன வடிவத்தில் கிடப்பதால், அடுத்தடுத்த பேக்கப்புகளில் துண்டுகள் பொருந்தும். பெட்டியின் உள் கம்ப்ரஷன் மட்டும் அதில் பலிக்காது. டிடிஇ மாஸ்டர் சாவியை மாற்றினால் டேட்டா பிளாக்குகள் மாறாது, டேபிள்ஸ்பேஸை ரீகீ செய்தால் (புதுச் சாவியால் மறுபடி என்கிரிப்ட் செய்தால்) மாறும். ரீகீ செய்த வாரத்தில் அந்த டேபிள்ஸ்பேஸ் முழுவதும் புது டேட்டாவாகவே போய் உட்காரும், இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து மல்டிபிளெக்ஸிங். பலர் தொடாமல் விட்டுவிடும் அமைப்பு இது, என் கணக்கில் கம்ப்ரஷனுக்கு அடுத்த பெரிய குற்றவாளி. ஃபைல்ஸ்பெர்செட் (ஒரு பேக்கப் செட்டில் சேரும் ஃபைல்களின் உச்ச எண்ணிக்கை) இயல்பு மதிப்பு 64, மேக்ஸ்ஓபன்ஃபைல்ஸ் இயல்பு மதிப்பு 8. அதாவது ஒரு சேனல் ஒரே நேரத்தில் 8 டேட்டாஃபைல் வரை திறந்து, அவற்றின் பிளாக்குகளைக் கலந்து ஒரே பேக்கப் பீஸாக எழுதும். டேப் டிரைவ் நின்று நின்று ஓடக் கூடாது என்பதற்காக வந்த உத்தி அது. எந்த ஃபைலின் பிளாக் முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் எழுதப்படும் என்பதால் கலக்கும் வரிசை ஒவ்வொரு நாளும் மாறும்.

வரிசை குலைந்தால் விகிதத்தோடு வேகமும் போகும். கோடிக்கணக்கான கைரேகைகளின் முழு அட்டவணை மெமரியில் அடங்காது, வட்டில்தான் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் வட்டில் போய்த் தேடினால் பெட்டி நகராது. டேட்டா டொமைன் வடிவமைப்பாளர்கள் 2008-ல் ஃபாஸ்ட் என்ற ஸ்டோரேஜ் ஆய்வு மாநாட்டில் விளக்கிய தீர்வு இதுதான்: நேற்று அடுத்தடுத்து வந்த துண்டுகள் இன்றும் அடுத்தடுத்து வரும் என்று நம்பி, ஒரு துண்டு பொருந்தியதும் அதன் பக்கத்துத் துண்டுகளின் கைரேகைகளையும் சேர்த்து மெமரிக்குக் கொண்டுவருவது. ஒரு துண்டு புதிதா என்று மெமரியிலேயே சொல்லிவிடும் ப்ளூம் ஃபில்டரும் சேர்ந்து, வட்டில் போய்த் தேடுவதில் சுமார் 99 சதவீதத்தைத் தவிர்த்ததாகக் காட்டினார்கள். வரிசையைக் குலைத்து அனுப்பினால் அந்த நம்பிக்கையை நாமே உடைக்கிறோம்.

ஆகவே ஃபைல்ஸ்பெர்செட் 1 என்று வையுங்கள். ஒரு ஃபைலை மட்டும் படித்தால் வேகம் குறையுமே என்ற பயம் வேண்டாம். ஏஎஸ்எம் ஒவ்வொரு ஃபைலையும் டிஸ்க் குரூப்பிலுள்ள எல்லா வட்டுகளிலும் பரப்பித்தான் வைத்திருக்கிறது. இணையாக ஓட வேண்டியதைச் சேனல் எண்ணிக்கையால் பெறுங்கள், 4-ஐ 8 ஆக்கிப் பாருங்கள். ஆர்ஏசி (ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்கள் இயக்கும் அமைப்பு) என்றால் சேனல்களை எல்லா நோட்களுக்கும் பகிர்ந்து கொடுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரே சமயத்தில் ஏற்கும் எழுத்து ஓட்டங்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதே பெட்டியை மற்ற டேட்டாபேஸ்களும் பகிர்ந்தால் எல்லோருடைய சேனலையும் கூட்டிப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

பிக்ஃபைல் டேபிள்ஸ்பேஸ் (ஒரே பெரிய ஃபைலால் ஆனது) இருந்தால், அந்த ஃபைலைப் பல சேனல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் செக்‌ஷன் சைஸ் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் 7 சேனல்கள் வேலை முடித்துச் சும்மா இருக்க, ஒரு சேனல் மட்டும் 3 டெராபைட் ஃபைலைத் தனியாக இழுத்துக்கொண்டிருக்கும். 64 ஜிபி என்று தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் அதே அளவை வையுங்கள். இன்கிரிமென்டலுக்கும் (மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) இது வேண்டுமென்றால் 12சி அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.

இவ்வளவும் மாற்றியபின் நெட்வொர்க் பக்கம் வாருங்கள். கம்ப்ரஷன் இல்லாமல் 12 டெராபைட்டும் கம்பியில் போனால், 1.1 ஜிபி வேகத்தில் சுமார் 3 மணி நேரம். உங்கள் 6 மணிக்குள் அடங்கிவிடுகிறது. என்எஃப்எஸ்ஸிலேயே தொடர்வதானால் ஆரக்கிளின் டைரக்ட் என்எஃப்எஸ்ஸை இயக்குங்கள், ஆர்சைஸ், டபிள்யூசைஸ் (ஒருமுறை படிக்கும், எழுதும் அளவு) இரண்டும் 1048576, மவுண்ட் ஹார்டாக இருக்கட்டும். நெட்வொர்க்கை மற்றவர்களும் பகிர்ந்தால் டேட்டா டொமைனின் டிடி பூஸ்ட் மென்பொருளை நிறுவுங்கள். ஆர்மேனுக்கு அது ஓர் எஸ்பிடி லைப்ரரி, அதாவது வெளிச் சாதனத்தோடு பேச உதவும் இணைப்பு. கைரேகைக் கணக்கை டேட்டாபேஸ் சர்வரிலேயே செய்து, பெட்டியில் இல்லாத துண்டுகளை மட்டும் அனுப்பும். 2 சதவீத பிளாக் மாறியிருந்தால் 240 ஜிபி போக வேண்டும். பிளாக் எல்லையும் துண்டு எல்லையும் ஒத்துப்போகாததால் மாறிய ஒரு பிளாக் இரண்டு துண்டுகளைத் தொடும், எனவே அதைவிடக் கூடுதலாகவே போகும். அப்படியிருந்தும் 12 டெராபைட்டோடு ஒப்பிட்டால் அது சொற்பம். சேனல் அமைப்பின் பார்ம்ஸ் பகுதியில் பிளாக்சைஸை 1048576 என்று கொடுக்க மறக்காதீர்கள்.

ஆனால் பூஸ்ட் போட்டாலும் 12 டெராபைட்டையும் வட்டிலிருந்து படித்தே ஆக வேண்டும். டீடூப் எழுதுவதைத்தான் குறைக்கிறது, படிப்பதைக் குறைப்பதில்லை. உங்கள் ஸ்டோரேஜ் விநாடிக்கு 500 எம்பிதான் கொடுக்கும் என்றால் எந்தப் பெட்டி வந்தாலும் ஆறரை மணி நேரத்துக்குக் கீழே வராது. அதை இப்படி அளந்துகொள்ளுங்கள்: கம்ப்ரஷனை அணைத்து, 8 டிஸ்க் சேனலுடன் ‘பேக்கப் வேலிடேட் டேட்டாபேஸ்’ ஓட்டுங்கள். எல்லா பிளாக்கையும் படிக்கும், எதையும் எழுதாது. அது எடுக்கும் நேரம்தான் உங்கள் ஃபுல் பேக்கப்பின் அடித்தளம். அதுவே 6 மணியைத் தாண்டினால் பெட்டியை விட்டுவிட்டு ஸ்டோரேஜ் ஆட்களிடம் பேசுங்கள். நீளும் இடத்தைக் கண்டுபிடிக்க வி$பேக்கப்_அசிங்க்_ஐஓ வியூவில் லாங்_வெயிட்ஸை (காத்திருக்க நேர்ந்த முறைகள்) ஐஓ_கவுண்ட்டால் (மொத்த ஐஓ எண்ணிக்கை) வகுத்துப் பாருங்கள். விகிதம் எந்த ஃபைலுக்கு அதிகமோ அங்கேதான் அடைப்பு.

தினமும் ஃபுல் தேவையா என்பது அடுத்த விஷயம். ஞாயிறு லெவல் 0 (எல்லா பிளாக்கும்), மற்ற நாட்களில் லெவல் 1 (மாறியவை மட்டும்) போதும் என்பது என் கருத்து. எண்டர்பிரைஸ் எடிஷன் என்றால் பிளாக் சேஞ்ச் ட்ராக்கிங்கை இயக்குங்கள். மாறிய பிளாக்குகள் எவை என்று ஒரு பிட்மேப்பில் குறித்து வைக்கும், ஆர்மேன் அவற்றை மட்டும் படிக்கும். ட்ராக்கிங் ஃபைல் டேட்டாபேஸ் அளவில் சுமார் 30,000-ல் ஒரு பங்கு, உங்களுக்கு 400 எம்பி போல. அது 8 பிட்மேப்களை மட்டுமே வைத்திருக்கும். மாதம் ஒருமுறை லெவல் 0 எடுத்துவிட்டு நடுவே தினமும் குமுலேட்டிவ் லெவல் 1 (கடைசி லெவல் 0-க்குப் பின் மாறிய எல்லாம்) ஓட்டினால், ஒரு வாரத்துக்குப் பின் அடிப்படை பிட்மேப் அழிந்து, சத்தமில்லாமல் முழு ஃபைலையும் படிக்கத் தொடங்கும். லெவல் 1-க்கு டீடூப் விகிதம் மோசமாகத் தெரியும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அதில் போவதே புது டேட்டாதான். ஆர்க்கைவ் லாகும் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) அப்படியே.

மாற்றம் செய்த முதல் ஃபுல் பேக்கப்பைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெட்டியில் இப்போது இருப்பது கம்ப்ரஸ் ஆன ஓட்டங்கள், புதியவை அவற்றோடு பொருந்தாது. 12 டெராபைட்டும் புதிதாக உட்காரும், பழையவை ரிடென்ஷன் (பேக்கப்பை வைத்திருக்கும் காலம்) முடியும்வரை கூடவே இருக்கும். பெட்டியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். இரண்டாவது, மூன்றாவது ஃபுல்லில்தான் உண்மையான விகிதம் தெரியும். அதன் பிறகும் ஏதாவது ஒரு வாரத்தில் விகிதம் திடீரென விழுந்தால், அந்த வாரம் யாராவது இண்டெக்ஸ் ரீபில்ட் அல்லது டேபிள் மூவ் ஓட்டினார்களா என்று கேளுங்கள். வாராவாரம் எல்லா இண்டெக்ஸையும் ரீபில்ட் செய்யும் பழைய ஜாப் இருந்தால் நிறுத்திவிடலாம்.

ஆர்மேனில் டிலீட் ஆப்சொலீட் (தேவையற்றுப்போன பேக்கப்பை நீக்கும் கட்டளை) போட்டதும் இடம் திரும்பி வராது. பெட்டியின் கிளீனிங் ஓடினால்தான் வரும். இயல்பாக அது செவ்வாய் காலை 6 மணிக்கு 50 சதவீத த்ராட்டிலில் (வேக வரம்பில்) தொடங்கும். உங்கள் பேக்கப் அந்நேரத்தில் ஓடினால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், நேரத்தை மாற்றி வையுங்கள்.

கடைசியாக ரீஸ்டோர். புதிய பேக்கப்பின் துண்டுகள் பல மாதப் பேக்கப்புகளுக்கு நடுவே சிதறிக் கிடப்பதால், திரும்ப எடுப்பது எழுதுவதைவிட மெதுவாக இருக்கலாம். மாதம் ஒருமுறை அதே 8 சேனலுடன் ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ் வேலிடேட்’ ஓட்டி, எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். டேட்டாபேஸ் விழுந்த இரவில் மேலாளர் “எப்போது எழும்?” என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய எண் அதுதான். அதனுடன் ஆர்க்கைவ் லாக் அப்ளை ஆகும் நேரத்தையும் கூட்டிச் சொல்லுங்கள்.