எக்ஸ் ஜப்பான்: எந்தப் பாடலிலிருந்து தொடங்குவது?

"எக்ஸ் ஜப்பான் ஒரு மெட்டல் இசைக்குழு என்கிறார்கள், எனக்குக் கிடைத்த பாடல்களோ பியானோவை வைத்துக்கொண்டு அழுகின்றன. கட்டாயம் கேட்க வேண்டியவை எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டல் என்றால் கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் கடுமையான ராக் இசை. யாரோ ஒரு நண்பர் உங்களுக்கு 'எண்ட்லெஸ் ரெயின்', 'டியர்ஸ்', 'ஃபாரெவர் லவ்' மூன்றையும் ஒரே மூச்சில் அனுப்பியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழு கலைந்த 1997ஆம் ஆண்டின் இறுதியிலேயே மென்மையான பாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்த ஒரு தொகுப்பு ஜப்பானில் வெளிவந்துவிட்டது. அழுகிற பாட்டு ஒரு பக்கம், அடிக்கிற பாட்டு ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கும் அந்த வழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

'ப்ளூ பிளட்' என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 ஏப்ரலில், குழுவின் பெயர் வெறும் 'எக்ஸ்' என்றிருந்த காலத்தில் வந்தது. அதில் 5, 6, 7ஆம் பாடல்களை வரிசை மாற்றாமல் கேளுங்கள். 5ஆவது, குழுவின் பெயரையே தாங்கிய 'எக்ஸ்'. அரங்கில் அது தொடங்கினால் கூட்டம் முழுவதும் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் குதிக்கும். 6ஆவது, உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும் அதே 'எண்ட்லெஸ் ரெயின்'. அதன் ஈரம் காய்வதற்குள் 7ஆவதாக 'குரெனாய்' வருகிறது. ஆழ்ந்த செந்நிறம் என்று பொருள். அடங்கிய குரலில், ஆங்கில வரிகளில், ஏறத்தாழத் தாலாட்டைப் போலத் தொடங்கும் அந்தப் பாடல், நீங்கள் சற்றே அயர்ந்த நொடியில் இரட்டை பாஸ் டிரம்மின் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பாய்ச்சலுக்கு மாறிவிடும். ஆனால் மேலே ஓடும் மெட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பியானோவில் மெதுவாக வாசித்துப் பாருங்கள், அதுவும் அழும். டிரம்ஸ் வாசிப்பவரும் பெரும்பாலான பாடல்களை எழுதியவரும் யோஷிகி என்ற ஒரே ஆள். சிறு வயதில் செவ்வியல் பியானோ பயின்றவர். பத்து வயதில் தந்தையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். இரண்டு வகைப் பாடல்களும் ஒரே காயத்திலிருந்து வருகின்றன என்பதே என் வாதம்.

நான் இசை படித்தவன் அல்லன். ஜப்பானின் கவாசாகி நகரில் நான்கு ஆண்டுகள் மென்பொருள் சோதனை வேலை பார்த்தவன், அவ்வளவுதான். 2018இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வேலை முடிந்து எங்கள் பிரிவினர் எட்டுப் பேர் பின்னணி இசை ஓட நாமே பாடும் ஒரு கரோக்கே அறைக்குப் போனோம். எங்கள் பிரிவுத் தலைவரை எல்லாரும் 'காச்சோ' என்றே அழைப்போம்; அங்கே அது பதவிப்பெயர். 46 வயது. ஒரு நாளில் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. அவர் தொலையியக்கியை எடுத்து, சுருதியை நான்கு படி இறக்கிவிட்டு, 'குரெனாய்' பாடலைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கில முன்பகுதியை யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். டிரம்ஸ் தொடங்கும் இடத்தில் பாடலின் பெயரை அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினாரே பாருங்கள், மேசையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலை நான் தட்டிவிட்டேன். குழுவின் பாடகர் டோஷி மேடையில் அப்படித்தான் கத்துவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

திரும்பும் வழியில் ரயிலில் அவர் தாமாகவே பேசினார். குழுவில் கிட்டார் வாசித்த ஹிடே 1998 மே 2 அன்று, 33 வயதில் இறந்தபோது, ட்சுகிஜி ஹொங்கான்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்கில் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். அந்த வரிசையில் அவரும் நின்றிருக்கிறார். அங்கே யோஷிகி பியானோ வாசிக்க டோஷி பாடியது 'ஃபாரெவர் லவ்'. அதற்குப் பிறகு அந்தப் பாடலைக் கரோக்கேயில் தாம் எடுப்பதில்லை என்றார். மூன்றே ஆண்டுகளில், 2001இல், அதே பாடலை அப்போதைய ஜப்பானியப் பிரதமர் கொய்சுமியின் கட்சி தன் தொலைக்காட்சி விளம்பரத்தில் பயன்படுத்தியது. கொய்சுமி உண்மையிலேயே இந்தக் குழுவின் இரசிகர், ஹிடேயின் ஊரான யோகோசுகாக்காரரும்கூட. இருந்தாலும் விளம்பரம் வரும்போதெல்லாம் ஒலியைக் குறைத்துவிடுவேன் என்றார் காச்சோ. ஆகவே 'ஃபாரெவர் லவ்' மோசமான பாடல் என்று நான் சொல்லவில்லை. கதை தெரியாமல் முதலில் கேட்டால் அது வெறும் இனிப்பாக நின்றுவிடும் என்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991இல் வந்த 'ஜெலஸி' தொகுப்பில் 'சைலண்ட் ஜெலஸி' இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு முகங்களும் ஏழு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஒன்றையொன்று துரத்தும். பாஸ் கிட்டார் வாசித்த தைஜி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் விலகினார். அவர் இசையமைத்த 'வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங்' இதே தொகுப்பில் இருந்தும் பட்டியல் போடுகிறவர்கள் கண்ணில் ஏனோ படுவதில்லை. ஹிடேயின் குறும்பு வேண்டுமென்றால் 'ஜோக்கர்', அவருடைய கறுப்புப் பக்கம் வேண்டுமென்றால் 1996இல் வந்த 'ஸ்கார்ஸ்'. யோஷிகி மட்டுமே இந்தக் குழு என்று நினைப்பவர்களுக்கு இந்த மூன்றும் நல்ல மருந்து. 'ரஸ்டி நெயில்' எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. அதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

'ஆர்ட் ஆஃப் லைஃப்' பாடலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1993இல் வெளிவந்தது; தொகுப்பு முழுவதும் 29 நிமிடம் நீளும் ஒரே பாடல்; லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் இதில் வாசித்திருக்கிறது. நடுவில் பியானோ மட்டும் நெடுநேரம் தனியாக ஓடும். ஒரு பியானோ சிறிய மெட்டொன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் இன்னொரு பியானோ வெறிபிடித்தாற்போல் தாறுமாறாக மோதும். ஆர்வக்கோளாறில் நான் ஒரு நண்பருக்கு இதைத்தான் முதலில் அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அழைத்து, "உன் கோப்பில் இரண்டு பாட்டு ஒன்றாக ஓடுகிறது, சரிபார்த்து அனுப்பு" என்றார். அவர் அதற்குப் பிறகு ஜப்பானிய இசையின் பக்கமே வரவில்லை.

இதெல்லாம் பாப் இசைக்கு மெட்டல் வேடம் போட்டது என்று கறாரான இரசிகர்கள் வந்து திட்டுவார்கள். திட்டட்டும். அந்த வேடத்தையும் சேர்த்துத்தான் ஒரு தலைமுறையே இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 'விஷுவல் கெய்' என்று பின்னாளில் பேர்பெற்ற அந்த ஒப்பனைக் கலாசாரத்துக்கு முன்னோடிகள் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று இவர்களுடையது. யோஷிகி சொந்தமாக நடத்திய எக்ஸ்டஸி இசைத்தட்டு நிறுவனத்தில்தான், அதே ஒப்பனை வழியில் வந்த லூனா ஸீ குழுவின் முதல் தொகுப்பே 1991இல் வந்தது.

'குரெனாய்' பற்றி இன்னும் ஒன்று. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் ஆட்டங்களின்போது பார்வையாளர் மேடையில் மாணவர்களின் ஊதுகருவிக் குழு வாசிக்கும் உற்சாகப் பாடல்களில் இதுவும் ஒன்று. காச்சோவின் மகள் தன் பள்ளிக் குழுவில் டிரம்பெட் வாசிப்பவள். வீட்டில் அவள் இதைப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது இவர் உடன் சேர்ந்து பாடியிருக்கிறார். "அப்பா, எங்கள் பேஸ்பால் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாளாம்.